மனைப்பிரிவு உட்கட்டமைப்பு (தமிழ்நாடு)

மனைப்பிரிவு உட்கட்டமைப்பு என்பது, ஒரு நிலப்பரப்பு வீட்டு மனைகளாகப் பிரித்து விற்கப்படும்போது அங்கு குடியேறுவோருக்குத் தேவைப்படும் சாலை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், கழிவுநீர் அகற்றும் அமைப்பு, தெருவிளக்கு, பூங்கா முதலிய பொது வசதிகளைக் குறிக்கும். மனைப்பிரிவு பேச்சு வழக்கில் "லே அவுட்" என்றும் அழைக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் இவ்வசதிகளுக்கான செலவு மனை வணிகர், உள்ளாட்சி அமைப்பு, மாநில அரசு, மனை வாங்குவோர் ஆகிய நான்கு தரப்பினரிடையே பகிரப்படுகின்றது. எத்தரப்பு, எக்கட்டத்தில், எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வியாகும். நிலம் பிரிக்கப்படும் காலத்தில் வசூலிக்கப்படாத செலவு மறைந்துவிடுவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் அது மனை உரிமையாளர் மீதோ நகர மக்கள் அனைவர் மீதோ விழுகின்றது.

## பின்னணி

2022 பெப்ரவரியில் நடைபெற்ற நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகளும், 138 நகராட்சிகளும், 490 பேரூராட்சிகளும் இருந்தன. எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மையானவை சிறு நகரங்களே. ஆனால் நிலத்திட்டமிடல் அறிந்த அலுவலர்கள், சொந்த வரி வருவாய், கடன் பெறும் தகுதி ஆகிய மூன்றும் இவற்றில் குறைவாகவே உள்ளன.

புதிய மனைப்பிரிவுகள் பெரும்பாலும் நகர எல்லையை ஒட்டிய ஊராட்சிப் பகுதிகளில் உருவாகின்றன. அங்கு நிலத்தின் விலை குறைவு என்பதே இதற்குக் காரணம். குடியிருப்புகள் பெருகிய பின்னர் அவ்வூராட்சிகள் நகரத்துடன் இணைக்கப்படுவதுண்டு. அவ்வாறு இணையும்போது அமைக்கப்படாத சாலைகளும் வடிகால்களும் நகராட்சியின் பொறுப்பாகிவிடுகின்றன. அம்மனைப்பிரிவு உருவானபோது நகராட்சிக்கு அதில் எவ்விதப் பங்கும் இருந்திருக்காது.

மனைகளில் ஒரு பகுதி முதலீடாக வாங்கப்பட்டு நெடுங்காலம் கட்டிடமின்றி விடப்படுவதும் மற்றொரு சிக்கலாகும். நூறு மனைகள் உள்ள ஒரு பிரிவில் இருபது வீடுகளே கட்டப்பட்டிருந்தாலும், கடைசித் தெருவிலுள்ள வீடு வரை குழாயும் மின்கம்பமும் செல்ல வேண்டும். செலவு நூறு மனைகளுக்கானது; கட்டிட வரியும் குடிநீர்க் கட்டணமும் இருபது வீடுகளிலிருந்தே கிடைக்கும். எஞ்சியவற்றிலிருந்து கிடைப்பது காலிமனை வரி மட்டுமே.

## வசதிகளும் பொறுப்புகளும்

* உட்சாலைகள்: சாலைக்கான நிலத்தை மனை வணிகர் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு இலவசமாக ஒப்படைக்க வேண்டும். சாலையை அவரே அமைத்துத் தருவதோ, அதற்கான செலவை உள்ளாட்சியிடம் செலுத்துவதோ வழக்கம். பின்னர் பராமரிப்பது உள்ளாட்சியின் கடமை.
* மழைநீர் வடிகால்: உட்பகுதி வடிகால் மனைப்பிரிவைச் சார்ந்தது. அந்நீர் சென்று சேரும் ஓடையோ ஏரிக்கால்வாயோ மனைப்பிரிவுக்கு வெளியே இருப்பதால், இணைப்பு வடிகால் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.
* குடிநீர்: பல ஊர்களுக்குப் பொதுவான கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைக்கின்றது. நகருக்குள் பகிர்ந்தளிப்பது உள்ளாட்சி ஆகும். புதிய பகுதிகளில் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியுமே துணை.
* கழிவுநீர்: சிறு நகரங்கள் பலவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் செலவில் கழிவுநீர்த் தொட்டி அமைத்துக்கொள்கின்றனர்.
* தெருவிளக்கு: மின்கம்பங்களும் மின்தடமும் அரசு மின் பகிர்மானக் கழகத்தைச் சார்ந்தவை. விளக்குகளுக்கான மின்கட்டணத்தை உள்ளாட்சி செலுத்துகின்றது.
* பூங்கா: திறந்தவெளி ஒதுக்கீடாகப் பெறப்படும் நிலத்தில் உள்ளாட்சி அமைக்கின்றது.

## சட்ட வரலாறு

சென்னை மாகாணத்தில் 1920 ஆம் ஆண்டில் மாவட்ட நகராட்சிகள் சட்டம், நகரமைப்புச் சட்டம் ஆகிய இரண்டும் இயற்றப்பட்டன. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவரே தெருவை அமைத்துத் தர வேண்டும் என்னும் கோட்பாடு இந்நகராட்சிகள் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. தனியார் தெரு ஒன்று முறையாக அமைக்கப்படாவிடில், அதனைச் சீர்செய்யுமாறு தெருவை ஒட்டிய நில உரிமையாளர்களுக்கு நகராட்சி அறிவிப்பு அனுப்பலாம்; அவர்கள் செய்யத் தவறினால் தானே பணியைச் செய்து, செலவை அவர்களிடமிருந்து வசூலிக்கலாம். எனவே உட்கட்டமைப்புச் செலவை நில உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டுப் பழமையுடைய கொள்கை எனலாம்.

நகரமைப்புச் சட்டத்திற்கு மாற்றாகத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இயற்றப்பட்டது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் கட்டிடம் எழுப்புவதற்கும் வளர்ச்சிக் கட்டணம் விதிக்க இச்சட்டம் வழிசெய்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், மாநிலத்தின் ஏனைய பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் இதனை நடைமுறைப்படுத்துகின்றன.

1992 இல் நிறைவேறி 1993 சூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதியை வழங்கியது. மாநில வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கான பங்கைப் பரிந்துரைக்க மாநில நிதி ஆணையங்கள் அமைக்கப்படுவதும் இதன் வழியே வந்தது. 2019 இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வெளியிடப்பட்டன. 1998 இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

## அனுமதி பெறும் முறை

மனை வணிகர் நிலத்தின் பட்டா, வில்லங்கச் சான்று, வரைபடம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்கின்றார். வரைபடம் ஆய்வு செய்யப்பட்டுத் தொழில்நுட்ப ஒப்புதல் வழங்கப்படுகின்றது. அதன்பின் சாலை, பூங்கா ஆகியவற்றுக்கான நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்து, உரிய கட்டணங்களையும் செலுத்திய பின்னரே இறுதி அனுமதி கிடைக்கும். இந்த வரிசை முக்கியமானது. மனைகள் விற்றுத் தீர்ந்த பின்னர் வணிகரிடமிருந்து நிலத்தையோ பணத்தையோ பெறுவது உள்ளாட்சிக்கு மிகக் கடினம். அனுமதிக்கு முந்திய கட்டத்திலேயே அதன் பேரம் பேசும் வலிமை மிகுதியாக உள்ளது.

### திறந்தவெளி ஒதுக்கீடு

மனைப்பிரிவின் பரப்புக்கேற்ப ஒதுக்கீடு பின்வருமாறு அமையும்:

* முதல் 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு இல்லை.
* 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலைகள் நீங்கலான பரப்பில் 10% நிலமாக வழங்கப்பட வேண்டும். அல்லது வழிகாட்டி மதிப்பின்படி அதற்கீடான தொகை செலுத்தப்பட வேண்டும்.
* 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், 10% நிலமாகவே வழங்கப்பட வேண்டும். பணமாகச் செலுத்த இயலாது.

எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ 5 ஏக்கர், அதாவது 20,000 சதுர மீட்டர் நிலம் பிரிக்கப்படுவதாகக் கொள்வோம். அதில் சாலைகள் 5,000 சதுர மீட்டரை எடுத்துக்கொண்டால், எஞ்சுவது 15,000 சதுர மீட்டர். அதில் 10% ஆன 1,500 சதுர மீட்டர் பூங்காவுக்கு ஒதுக்கப்படும். மனைகளாகப் பிரிக்க எஞ்சுவது 13,500 சதுர மீட்டர், அதாவது மொத்த நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆகும். சாலைக்கும் பூங்காவுக்குமான நிலம் "இலவசமாக" ஒப்படைக்கப்படுவதாகக் கூறப்பட்டாலும், அதன் மதிப்பு மனைகளின் விலையில் சேர்ந்துவிடுகின்றது. அனுமதி பெற்ற மனைக்கும் அனுமதியற்ற மனைக்கும் உள்ள விலை வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

## நிதி மூலங்கள்

### ஒருமுறைக் கட்டணங்கள்

வளர்ச்சிக் கட்டணம், திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கு ஈடான தொகை, குடிநீர் மற்றும் பாதாளச் சாக்கடை இணைப்புக்கான வைப்புத்தொகை ஆகியன இவ்வகையில் அடங்கும். நகரம் வேகமாக விரியும் ஆண்டுகளில் இவ்வருவாய் உயரும். நில வணிகம் மந்தமாகும்போது வீழும். ஆகவே ஒருமுறை கிடைக்கும் இத்தொகையை அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்தும் உள்ளாட்சி, பின்னாளில் நெருக்கடியைச் சந்திக்க நேரிடும்.

### தொடர் வருவாய்

சொத்துவரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம் முதலியன தொடர் வருவாய் ஆகும். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுகின்றது. சென்னைக்கு வெளியேயுள்ள நகரங்களில் 2008 இல் நடைபெற்ற பொதுச் சீராய்வுக்குப் பின்னர் 2022 இல்தான் வரி உயர்வு நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊதியமும், மின்கட்டணமும், தார், சிமெண்ட் முதலியவற்றின் விலையும் உயர்ந்துகொண்டே இருந்தன. சொத்து விற்பனைப் பதிவின்போது முத்திரைத் தீர்வையுடன் சேர்த்து வசூலிக்கப்படும் 2% மாற்றுவரியும் உள்ளாட்சிகளுக்கு உரியதாகும்.

### கடனும் மானியமும்

நகராட்சிகளுக்குக் கடன் வழங்கும் நோக்குடன் 1988 இல் நகராட்சி நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உருவாக்கப்பட்டது. இது 1996 இல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாற்றப்பட்டு, தனியார் நிதி நிறுவனங்களின் பங்கேற்புடன் இயங்கத் தொடங்கியது. நடுவண் அரசின் 2005 ஆம் ஆண்டுச் சவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டம், 2015 ஆம் ஆண்டு அம்ருத் திட்டம், 2021 இல் தொடங்கிய அம்ருத் 2.0 ஆகியவற்றின் வழியாகவும் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு மானியம் கிடைத்துள்ளது. அம்ருத்தின் முதற்கட்டம் பெரும்பாலும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட 500 நகரங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில் குடிநீர்ப் பணிகள் எல்லா நகரங்களுக்கும் விரிவாக்கப்பட்டன.

மாநில அரசின் "நமக்கு நாமே" திட்டத்தில், பணி மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் திரட்டித் தந்தால் எஞ்சியதை அரசு வழங்குகின்றது. வசதியற்ற மனைப்பிரிவுகளின் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு இது ஒரு வழியாக உள்ளது. ஆயினும் பங்குத்தொகையைத் திரட்ட முடிந்த பகுதிகளே இதனால் முதலில் பயன்பெறுகின்றன.

## அனுமதியற்ற மனைப்பிரிவுகள்

அரசு அனுமதியின்றி மனைகளைப் பிரித்து விற்பது தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகள் பரவலாக நடைபெற்றது. ஊராட்சித் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட வரைபடத்தைக் காட்டி, "பஞ்சாயத்து அப்ரூவல்" பெற்ற மனை என விற்பனை செய்யப்பட்டது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலின்றி மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. எனினும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானதால், தங்கள் மனை சட்டப்படியானதே என வாங்கியவர்கள் நம்பினர். விலை குறைவாக இருந்தமையால் இவற்றை வாங்கியோரில் குறைந்த வருவாய்ப் பிரிவினர் பலர் இருந்தனர்.

2016 செப்டம்பர் 9 அன்று, பொதுநல வழக்கு ஒன்றில், அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு சேர்த்திருந்த 22-அ பிரிவு 2016 அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய இயலாது. முன்னரே மனையாகப் பதிவாகியிருந்தவற்றுக்கு விலக்கு உண்டு.

### வரன்முறைப்படுத்தும் திட்டம்

2017 மே மாதத்தில் அனுமதியற்ற மனைகளையும் மனைப்பிரிவுகளையும் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியிடப்பட்டன. 2016 அக்டோபர் 20 ஆம் நாளுக்குள் குறைந்தது ஒரு மனையாவது பத்திரப்பதிவு மூலம் விற்கப்பட்டிருந்த மனைப்பிரிவுகள் இதற்குத் தகுதி பெற்றன. நீர்நிலை, புறம்போக்கு, பொதுச் சாலை, பூங்கா ஒதுக்கீடு ஆகியவற்றில் அமைந்த மனைகள் தகுதி பெறவில்லை. வணிகர் முன்வராவிடினும் தனிமனை உரிமையாளர் விண்ணப்பிக்க இயலும். முதலில் மனைப்பிரிவின் சாலை அமைப்புக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் தரப்பட்டு, அதன்பின் மனைகள் ஒவ்வொன்றாக வரன்முறை செய்யப்படுகின்றன.

வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் சதுர மீட்டர் அளவில் விதிக்கப்பட்டன. மாநகராட்சியில் உயர்வாகவும், சிறு நகரங்களிலும் ஊராட்சிகளிலும் குறைவாகவும் இவை அமைந்தன. கட்டணங்கள் மிகுதி என்னும் எதிர்ப்பு எழுந்ததால், அதே ஆண்டின் அக்டோபரில் குறைக்கப்பட்டன. விண்ணப்பிப்பதற்கான காலக்கெடு பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. வரன்முறை செய்யப்படாத மனைகளுக்குக் கட்டிட அனுமதியோ, மின், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளோ வழங்கக்கூடாது என விதிகள் கூறுகின்றன.

இத்திட்டத்தின் விளைவுகள் இருவகைப்பட்டவை. ஒருபுறம், பதிவேட்டில் இல்லாத தெருக்கள் முதன்முறையாக வரைபடத்தில் இடம்பெற்றன; உள்ளாட்சிக்கு வருவாயும் கிடைத்தது. மறுபுறம், மனையை விற்று இலாபம் ஈட்டிய வணிகர் செலுத்தியிருக்க வேண்டிய தொகையை மனை வாங்கியவர் செலுத்த நேர்ந்தது. அவ்வாறு செலுத்தினும், விற்கப்பட்டுவிட்ட நிலத்தில் பூங்காவுக்கு இடம் மீண்டும் கிடைப்பதில்லை. குறுகிய தெரு அகலமாவதுமில்லை. பணத்தால் ஈடுசெய்ய இயலும் குறைகளையே வரன்முறை தீர்க்கின்றது.

## ஆலந்தூர் பாதாளச் சாக்கடைத் திட்டம்

ஏற்கெனவே வீடுகள் நிறைந்துவிட்ட நகரத்தில் விடுபட்ட வசதியைப் பின்னர் அமைத்தமைக்கு ஆலந்தூர் பரவலாக எடுத்துக்காட்டப்படுகின்றது. சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் அப்போது தனி நகராட்சியாக இருந்தது. 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பாதாளச் சாக்கடை இல்லாததால் வீடுகள் கழிவுநீர்த் தொட்டிகளையே நம்பியிருந்தன.

1990களின் பிற்பகுதியில் திட்டமிடப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் பணி தொடங்கிய இத்திட்டத்தின் செலவு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாயும், வணிகக் கட்டிடத்துக்கு 10,000 ரூபாயும் முன்கூட்டியே வைப்புத்தொகையாகப் பெறப்பட்டன. வீடுகளுக்கு மாதக் கட்டணம் 150 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. எஞ்சிய தொகை கடனாகவும் மானியமாகவும் திரட்டப்பட்டது. நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்ட சுத்திகரிப்பு நிலையம், தனியார் கட்டி இயக்கிப் பின்னர் ஒப்படைக்கும் முறையில் அமைந்தது.

நகராட்சித் தலைமையும் குடியிருப்போர் சங்கங்களும் தெருத்தெருவாகக் கூட்டம் நடத்தி மக்களின் இசைவைப் பெற்றமை இத்திட்டத்தின் வெற்றிக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. எனினும் இதனை எல்லா ஊர்களுக்கும் பொருத்திவிட இயலாது. ஆலந்தூர் நெருக்கமாக வீடுகள் அமைந்த, பெரும்பாலோர் செலுத்தும் வசதி பெற்ற புறநகராகும். பாதி மனைகள் காலியாக உள்ள ஒரு சிறு நகர மனைப்பிரிவில் வைப்புத்தொகை செலுத்த ஆள் இருக்கமாட்டார். குழாயின் நீளமோ குறைவதில்லை.

## கூட்டு நிதியம்

தனியொரு சிறு நகராட்சி கடன் சந்தையில் பத்திரம் வெளியிடுவது நடைமுறையில் இயலாத ஒன்று. தொகை சிறிது, வெளியீட்டுச் செலவு மிகுதி, முதலீட்டாளர்களுக்கு அந்நகரத்தின் கணக்குகளில் நம்பிக்கையும் இராது. இதற்குத் தீர்வாக 2002 இல் தமிழ்நாட்டில் குடிநீர் மற்றும் துப்புரவுக் கூட்டு நிதியம் ஏற்படுத்தப்பட்டது. பத்துக்கும் மேற்பட்ட சிறு நகரங்களின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காக அவ்வாண்டு டிசம்பரில் 30.41 கோடி ரூபாய் மதிப்புள்ள பத்திரங்கள் வெளியிடப்பட்டன. தவணைக்காலம் 15 ஆண்டுகள், வட்டி 9.20%.

நகராட்சிகள் தங்கள் வரி வருவாயில் ஒரு பகுதியைத் தனிக்கணக்கில் ஒதுக்கின. தவணை தவறினால் மாநில அரசு அந்நகராட்சிக்கு வழங்கும் பகிர்வுத் தொகையிலிருந்து பிடித்தம் செய்துகொள்ளலாம். அசலில் 50% தொகைக்கு ஐக்கிய அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை உத்தரவாதம் அளித்தது. இந்தியாவில் சிறு நகரங்கள் இணைந்து சந்தையில் நிதி திரட்டிய முதல் முயற்சியாக இது கருதப்படுகின்றது.

## சிக்கல்கள்

* பணிகளின் வரிசை: குழாய்களும் வடிகால்களும் பதிக்கப்பட்ட பின்னரே சாலை அமைக்கப்பட வேண்டும். விற்பனைக்குக் கவர்ச்சியாக முதலில் தார்ச்சாலை போடப்படுவதால், பின்னர் அது தோண்டப்பட்டு இருமுறை செலவாகின்றது.
* ஒப்படைப்பு: தானப்பத்திரம் எழுதப்படாத சாலை சட்டப்படி தனியார் நிலமாகவே நீடிக்கின்றது. அதில் பொதுநிதியைச் செலவிட உள்ளாட்சி தயங்குகின்றது.
* பூங்கா நிலம்: ஒதுக்கப்பட்ட நிலம் வேலியின்றி விடப்பட்டு ஆக்கிரமிக்கப்படுவதும், மீண்டும் மனையாக விற்கப்படுவதும் உண்டு.
* வெளி இணைப்பு: மனைப்பிரிவின் உள்ளே எல்லாம் முறையாக இருப்பினும், நகரின் நீர்த்தேக்கத் தொட்டி, முதன்மை வடிகால், இணைப்புச் சாலை ஆகியவற்றை விரிவாக்கும் செலவுக்கு உட்பகுதிக் கட்டணங்கள் போதுமானவையல்ல.

மனை வாங்குவோரின் பாதுகாப்புக்காக இயற்றப்பட்ட மனை வணிக (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளுக்கும் பொருந்தும். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70% தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட்டு, அத்திட்டத்தின் நிலம், கட்டுமானச் செலவுகளுக்கு மட்டுமே எடுக்கப்பட வேண்டும் என இது வரையறுக்கின்றது.

## பிற இடங்களில்

குசராத்தில் நகரமைப்புத் திட்ட முறை கையாளப்படுகின்றது. இதன் தோற்றம் 1915 ஆம் ஆண்டுப் பம்பாய் நகரமைப்புச் சட்டத்தில் உள்ளது. தற்போது 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறுகின்றது. ஒரு பகுதியிலுள்ள நிலங்கள் அனைத்தும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, சாலைக்கும் பொதுத் தேவைகளுக்கும் ஒதுக்கியது போக எஞ்சியவை சீரான மனைகளாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தரப்படுகின்றன. 2001 நிலநடுக்கத்தால் சிதைந்த பூச் நகரின் மறுசீரமைப்பில் இம்முறை பயன்படுத்தப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978 இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் சொத்துவரிக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டதால், புதிய குடியிருப்புகளுக்குச் செலவிட நகரங்களிடம் நிதி குறைந்தது. 1982 இல் இயற்றப்பட்ட மெல்லோ-ரூசு சட்டம், புதிய பகுதியைத் தனி மாவட்டமாக வரையறுத்துக் கடன் பத்திரம் வெளியிடவும், அப்பகுதி நில உரிமையாளர்களிடம் சிறப்பு வரி பெற்று அதனை அடைக்கவும் வழிசெய்தது. இங்கிலாந்தில் 1990 ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 106 ஆம் பிரிவின்கீழ், கட்டுமான நிறுவனமும் உள்ளாட்சியும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

வழிமுறைகள் வேறுபடினும், நிலத்தின் பயன்பாடு மாறும்போது உயரும் மதிப்பில் ஒரு பகுதியை அந்நிலத்துக்கான வசதிகளுக்கே திருப்புவது என்பது இவை அனைத்துக்கும் பொதுவான கொள்கையாகும்.

## இவற்றையும் பார்க்கவும்

* தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகள்
* சொத்துவரி
* நகரத் திட்டமிடல்
* ஆலந்தூர்
* தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்